யாழ்ப்பாணத்தில் மின்சைக்கிள் வாங்க முன்: வண்டிக்கு முதல் கடதாசியைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல சைக்கிளுக்கு ஏற்ற நிலம் இலங்கையில் குறைவு. ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பட்டணத்திலிருந்து திருநெல்வேலிச் சந்தை, நல்லூர், கோப்பாய், மானிப்பாய், சுன்னாகம் எல்லாமே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் வந்துவிடும். போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது முழுச் சனமும் சைக்கிளிலேதான் ஓடித்திரிந்தது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்றபோது, பரணில் கிடந்த சைக்கிள்கள் திரும்ப இறங்கின. மின்சைக்கிள் பக்கம் பலருடைய கண்ணும் அப்போதுதான் போனது.

இப்போது அது அவசரத்துக்கான வண்டி அல்ல. ஆசிரியர்கள், கடைகளில் வேலை செய்கிறவர்கள், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிப் போகும் அம்மாமார், முழங்கால் நோவால் பெடல் மிதிக்க முடியாத ஓய்வூதியர்கள் என்று பலர் அன்றாடப் பாவனைக்கே வாங்குகிறார்கள். முதன்முதலாக வாங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விலை, நிறம், எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கேள்விகளுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வண்டி கடதாசியில் சைக்கிளா, மோட்டார் சைக்கிளா? வரி, இலக்கத்தகடு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

முதல் படி: பெடல் இருப்பதால் சைக்கிள் என்று முடிவெடுக்காதீர்கள்

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“தம்பி, இதுக்குப் பதிவுப் புத்தகம் இருக்கோ?”

“இது சைக்கிள்தானே அக்கா, பெடல் இருக்கு. புத்தகம் ஒண்டும் தேவையில்லை.”

பெடல் இருப்பது உண்மைதான். ஆனால் சட்டம் பெடலைப் பார்ப்பதில்லை, வண்டியை எது இயக்குகிறது என்றுதான் பார்க்கிறது. நமது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பொறியின் விசையால் இயங்கி வீதியில் ஓடக்கூடியதை மோட்டார் வாகனம் என்கிறது. அந்த விசை பெற்றோலில் வருகிறதா, பற்றரியில் வருகிறதா என்று அது பிரிப்பதில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்கும் தமிழ்க் காணொளிகளில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் எடுத்தவை. “லைசென்ஸ் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்” என்று அவர்கள் சொல்வது அங்கே சரி. இந்தியாவில் மோட்டாரின் வலு 250 வொட்டைத் தாண்டாமலும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டாமலும் இருந்தால் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 250 வொட், 25 கிலோமீற்றர்தான் எல்லை. அங்கே மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். பிரித்தானியாவிலும் ஏறக்குறைய அதே எல்லை, அதோடு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். இவையெல்லாம் அந்தந்த நாட்டின் விதிகள். கண்டி வீதியில் பொலிஸ் மறிக்கும்போது இந்திய விதியைக் காட்டித் தப்ப முடியாது.

அதனால் காசு கொடுக்க முன்னமே வண்டியின் மாதிரிப் பெயர், மோட்டாரின் வொட், அடிச்சட்ட இலக்கம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் கிளைக்குப் போய், இது பதிய வேண்டிய வண்டியா, பதியக்கூடிய வண்டியா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். பதிய வேண்டியதாக இருந்தும், இறக்குமதிக் கடதாசி இல்லாததால் பதிய முடியாமல் நிற்கும் வண்டிதான் ஆளைப் பாடாய்ப் படுத்துவது. ஒரு காலைப்பொழுது இதற்குப் போனால் போகட்டும்.

இரண்டாவது படி: வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

மின்சைக்கிளின் விலையைக் கேட்டவுடன் “ஒரு சைக்கிளுக்கு இவ்வளவா?” என்றுதான் வாயில் வரும். காரணத்தில் ஒரு பகுதி துறைமுகத்தில் இருக்கிறது.

உலக நாடுகள் இறக்குமதிப் பொருட்களைப் பொதுவான ஓர் இலக்க முறையில் வகைப்படுத்துகின்றன. நமது சுங்கத் திணைக்களமும் அதைத்தான் பின்பற்றுகிறது. அதில் மோட்டார் இல்லாத சாதாரண சைக்கிள் 8712 என்ற தலைப்பில் வரும். துணை மோட்டார் பூட்டிய சைக்கிள் அங்கே வராது, மோட்டார் சைக்கிள்களோடு சேர்ந்து 8711இல் வரும். மின்மோட்டாரில் ஓடுபவற்றுக்கென்று 8711.60 என்ற உபபிரிவு 2017இல் சேர்க்கப்பட்டது. ஆக, நாங்கள் முற்றத்தில் சைக்கிள் என்று நிறுத்தி வைப்பதைச் சுங்கம் மோட்டார் சைக்கிளின் தம்பியாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. எந்த இலக்கத்தின் கீழ் வந்ததோ அதற்குரிய தீர்வைதான் விழும். அந்த வீதங்கள் வர்த்தமானி மூலம் அடிக்கடி மாறுகிறவை. வாங்கும் மாதத்தில் சுங்கத்தின் இணையத்தளத்தில் 8711.60 என்று தேடினால் அன்றைய வீதம் கிடைக்கும்.

வரிக்கு மேல் வரி ஏறும் விதத்தையும் தெரிந்து வைப்பது நல்லது. பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்ததுதான் அடித்தளம். விளங்குவதற்காக அதை 100,000 ரூபாய் என்று வைப்போம். இறக்குமதித் தீர்வை 20 சதவீதம் என்றும் வைப்போம், 20,000 ஆயிற்று. அடுத்து வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி. அது 100,000இல் மட்டும் கணக்கிடப்படுவதில்லை. அடித்தளத்தோடு அதில் 10 சதவீதத்தையும், ஏற்கனவே விழுந்த தீர்வையையும் கூட்டி வரும் 130,000 ரூபாயில் கணக்கிடப்படும். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 சதவீதம் என்பதால் இன்னொரு 23,400 ரூபாய். வேறெந்தத் தீர்வையும் இல்லாவிட்டால்கூட 143,400 ரூபாய்க்கு வந்துவிட்டது. இறக்குமதியாளரின் இலாபமும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு லொறிக் கூலியும், கடைக்காரரின் பங்கும் இதற்குப் பிறகுதான்.

மின்கார்களுக்கு உற்பத்தித் தீர்வை என்று இன்னொன்று இருக்கிறது. பெற்றோல் வண்டிக்கு எஞ்சினின் சீசீயைப் பார்ப்பார்கள் என்றால், மின்வண்டிக்கு மோட்டாரின் கிலோவொட்டைப் பார்க்கிறார்கள். இரண்டு சில்லு வண்டிக்கும் மோட்டாரின் வொட் சும்மா ஒட்டி விடும் எண் அல்ல. மோட்டாரில் 1000 வொட் என்று பொறித்திருக்க, கடைக்காரர் தரும் கடதாசியில் 250 வொட் என்று இருந்தால், அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். வண்டியும் கடதாசியும் ஒத்துப்போகாததற்கு நாளை பதில் சொல்லப் போவது கடைக்காரர் அல்ல, நீங்கள்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கைமாறிய வண்டிகள் இன்னும் சந்தையில் நிற்கின்றன. அப்படியொன்றைப் பழசாக வாங்கும்போது அது எந்த ஆண்டு, எந்தக் கடதாசியோடு வந்தது என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இறக்குமதி வரி ஒருமுறையோடு முடிந்துவிடும். ஆண்டு தோறும் வருவது வேறு. இதிலும் அதே பிரிவுதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 148ஆம் பிரிவு வாகனங்களுக்கும் விலங்குகளுக்கும் சபைகள் வரி அறவிட இடம் தருகிறது. சபைகள் வர்த்தமானியில் போடும் அறிவித்தல்களில் சொந்தப் பாவனைச் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 4 ரூபாய், வியாபாரத்துக்கு ஓடுவதற்கு 18 ரூபாய் என்று இருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்துத் தொகை அப்படியே நிற்கிறது. அந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிள் இல்லை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், மாகாண சபைக்காகப் பிரதேச செயலகங்கள் கொடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குள் வந்துவிடுகிறது. உங்கள் மின்சைக்கிள் பதியப்பட்டதென்றால் ஆண்டு தோறும் இந்தப் பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் காப்புறுதிச் சான்று கேட்பார்கள். புகைப் பரிசோதனை மின்வண்டிக்கு இல்லை, அந்த அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது படி: காப்புறுதியை நினைத்துப் பாருங்கள்

பொலிஸ் மறிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை விபத்தைப் பற்றியதுதான். மருதடிச் சந்தியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ குறுக்கே வந்த ஒரு முதியவரை உங்கள் வண்டி தட்டிவிட்டால் என்ன நடக்கும்? பதியப்பட்ட வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம், நட்டஈட்டைக் காப்புறுதி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பதிவே இல்லாத வண்டிக்கு அந்தக் காப்புறுதியை எடுக்க வழியில்லை. வைத்தியச் செலவும் வழக்கும் நட்டஈடும் உங்கள் தலையில். விலையில் கொஞ்சம் குறைகிறது என்று கடதாசி இல்லாத வண்டியை வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை வீட்டில் எல்லோரோடும் இருந்து கதைக்க வேண்டும்.

பதியப்படும் வண்டியை ஓட்ட மோட்டார் சைக்கிளுக்கான சாரதி அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் தேவை. அனுமதிப்பத்திரம் எடுக்க 18 வயதாக வேண்டும். ஓ.எல். படிக்கும் பிள்ளைக்கு ரியூசனுக்குப் போக என்று வாங்கிக் கொடுக்க நினைக்கிற பெற்றோர் இதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்கு நல்ல கியர் சைக்கிள் ஒன்று போதும்.

நான்காவது படி: பற்றரியின் லேபலை வாசியுங்கள்

“ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீற்றர்” என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, இருக்கைக்குக் கீழே குனிந்து பற்றரியில் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும், வோல்ற் ஒன்று, அம்பியர்-மணி இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வொட்-மணி வரும், பற்றரி எவ்வளவு மின்சக்தியைப் பிடித்து வைக்கும் என்பதன் அளவு அது. 36 வோல்ற், 10 அம்பியர்-மணி என்றால் 360 வொட்-மணி. 48 வோல்ற், 12 என்றால் 576. 60 வோல்ற், 20 என்றால் 1200.

அடுத்தது ஓட்டம். மிதித்துக்கொண்டு மோட்டாரின் உதவியையும் எடுத்தால், நமது தட்டை வீதிகளில் கிலோமீற்றருக்கு 8 முதல் 12 வொட்-மணி வரை போதும். மிதிக்காமல் திறொட்டிலை முறுக்கி மட்டும் ஓடினால் 15 முதல் 20 வரை இழுக்கும். பட்டணத்திலிருந்து சாவகச்சேரி ஏறக்குறைய 16 கிலோமீற்றர். போய்வர 32. 360 வொட்-மணிப் பற்றரியில் மிதித்துக்கொண்டு போனால் திரும்பி வந்துவிடலாம், ஆனால் மிச்சம் அதிகம் இராது. திறொட்டிலில் மட்டும் போனால் வரும் வழியில் கைதடியைத் தாண்டுவதே பெரும்பாடு. பருத்தித்துறைக்கு ஒரு வழியே 30 கிலோமீற்றருக்கு மேல். அன்றாடம் அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு சின்னப் பற்றரி சரிவராது.

இந்தக் கணக்கைக் காற்று குழப்பிவிடும். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கள். இரு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை. காற்று முகத்தில் அடிக்கும்போது வேகம் தானாக விழும், சார்ஜ் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். தீவுப்பகுதிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கணக்கில் வரும் வொட்-மணியைவிட அரைவாசி கூடுதலான பற்றரி எடுத்தால்தான் நிம்மதியாக வீடு வரலாம்.

பற்றரியில் ஈயம்-அமிலம், லித்தியம் என்று இரண்டு வகை கிடைக்கும். ஈய வகை மலிவு. ஆனால் 48 வோல்ற் தொகுதி ஒன்றே 16 கிலோவுக்குக் கிட்ட வரும், லித்தியம் என்றால் அதில் கால்வாசிதான். தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் சார்ஜ் போட வேண்டியவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, லித்தியம்தான் சரி. விலை அதிகம் என்றாலும் ஆயுளும் அதிகம். புதுப் பற்றரியின் விலையை வண்டி வாங்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் அது தேவைப்படும்.

ஐந்தாவது படி: மின்கட்டணத்தை உங்கள் பில்லோடு வைத்துப் பாருங்கள்

சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் என்று எடுத்துக்கொள்வோம். அதே 50 கிலோமீற்றருக்கு மின்சைக்கிள் கிலோமீற்றருக்கு 15 வொட்-மணி வீதம் 750 வொட்-மணி எடுக்கும். சார்ஜரில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் ஒரு யூனிற்றுக்கு, அதாவது 1000 வொட்-மணிக்கு, கொஞ்சம் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலும் ஒரு யூனிற் மின்சாரமும் என்ன விலை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் விலைக்குள் தீர்வைகளும், 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் இருக்கின்றன. பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டும் அந்த வரியை மின்சைக்கிள்காரர் கட்டுவதில்லை. அவருக்கு மின்பில்லில் வருவது சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி மட்டுந்தான்.

ஆனால் ஒன்று. வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது. மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீடு, சார்ஜ் போடுவதால் அந்தக் கோட்டைத் தாண்டினால், கூடிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முழுப் பில்லுக்குமே கணக்கு மாறிவிடும். தினமும் முக்கால் யூனிற் என்றால் மாதம் 22, 23 யூனிற். கடந்த மூன்று மாத பில்லை எடுத்து அதனோடு இதைக் கூட்டிப் பாருங்கள். கோட்டுக்குக் கிட்ட நிற்கிறீர்கள் என்றால் வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட அனுமதி கேட்கலாம். கூரையில் சூரியப் படலம் போட்டிருக்கும் வீடுகளுக்கு இந்தத் தலையிடி இல்லை, பகலில் போட்டால் சரி.

சார்ஜ் போடும் இடத்தைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். வாசற்படிக்குப் பக்கத்திலோ, படுக்கும் அறையிலோ போடாதீர்கள். லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் மிக வேகமாகப் பரவும், வெளியேறும் வழி மறிபடக் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள். மழையில் நனைந்து வந்தால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள். ஒக்ரோபரில் தொடங்கும் மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளுக்குள் சில்லின் நடு அச்சு முங்கும் அளவுக்கு இறக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் மோட்டார் அந்த அச்சிலேதான் இருக்கிறது. குருநகர், நாவாந்துறை, தீவுப்பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை வயர்கள் பொருந்தும் இடங்களைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றுப் பட்டுச் செப்புமுனை பச்சை பிடித்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் துப்புரவாக்கிப் பூட்டினால் வண்டி இடைநடுவில் நிற்கும் தொல்லை பெருமளவு குறையும்.

ஆறாவது படி: வாங்கும் நாள்

கையில் இருக்க வேண்டியவை: வற் வரி காட்டிய பற்றுச்சீட்டு, அடிச்சட்ட இலக்கமும் மோட்டார் இலக்கமும் எழுதிய விற்பனைக் கடிதம், பற்றரிக்கு எழுத்தில் உத்தரவாதம், சுங்கப் பிரகடனத்தின் பிரதி. பழைய வண்டி என்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தை மட்டும் தந்து “பிறகு மாத்தலாம்” என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பிறேக் இரண்டும் தனித்தனியாகப் பிடிக்கிறதா, பிறேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா, சார்ஜ் இல்லாமல் மிதித்தால் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடைவழியில் பற்றரி இறங்கினால் நீங்கள்தான் மிதிக்க வேண்டும்.

இருக்கிற சைக்கிளுக்கே மோட்டார் பூட்டித் தருகிறோம் என்கிற வேலைத்தளங்களும் உண்டு. பூட்டுகிறவர்கள் கைதேர்ந்தவர்களாகவே இருக்கலாம். ஆனால் பூட்டிய பிறகு அந்த வண்டிக்கு எந்தக் கடதாசியும் இல்லை. முதற்படியில் சொன்ன கேள்வியைக் கச்சேரியில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா?

பாரிஸில், ரொறன்ரோவில், லண்டனில் இருக்கும் அண்ணன்மார் “நான் வரேக்க ஒண்டு கொண்டு வாறன்” என்று ஆசையோடு சொல்வார்கள். விமானத்தில் கொண்டுவர முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வொட்-மணி வரையான லித்தியம் பற்றரிக்கு அனுமதி உண்டு, 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதற்கு மேல் தடை. மின்சைக்கிள் பற்றரி பொதுவாக 360க்கு மேல். பற்றரி இல்லாமல் வண்டியை மட்டும் கொண்டுவந்தாலும், பொருத்தமான பற்றரியை இங்கே தேடுவது சிரமம். கப்பலில் அனுப்பினால் ஆபத்தான பொருள் என்று அறிவிக்க வேண்டும், இறக்குமதிக் கட்டுப்பாட்டு விதிகளையும் சுங்கத் தீர்வையையும் தாண்ட வேண்டும், அப்புறம் பதிவு. உதிரிப்பாகம் உடைந்தால் திரும்ப அவருக்குத்தான் கோல் எடுக்க வேண்டும். அந்தக் காசை அனுப்பச் சொல்லி, முழுக் கடதாசியோடு இங்கேயே ஒன்றை வாங்குங்கள்.